உண்மை சொல்லும் பெட்டி: வீட்டு ஸ்டுடியோவுக்கு மானிட்டர் ஸ்பீக்கர் வாங்குவது எப்படி?

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவரிடம் "எப்படி இருக்கணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பேஸ் நல்லா அதிரணும் சார்!"

பாட்டு கேட்பதற்கு என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே. ஆனால் பாட்டைக் கேட்பவர் வேறு, பாட்டைச் செய்பவர் வேறு. வீட்டிலேயே ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு வைத்துக்கொண்டு பாடல் பதிவு செய்து, மிக்ஸ் செய்து, நாலு பேருக்குக் கொடுக்க நினைப்பவருக்கு அந்த "அதிரணும்" ஆசைதான் முதல் எதிரி.

ஏன் என்று கேட்கிறீர்களா? துணிக்கடைக்குப் போயிருப்பீர்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் சேலை தகதகவென்று மின்னும். அனுபவப்பட்ட அம்மாக்கள் அதை நம்புவதில்லை. சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்கள். அரக்கு என்று நினைத்தது அங்கே மெரூனாக இருக்கும். வீட்டில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கர் கடைக்குள் இருக்கும் விளக்கு மாதிரி. ஸ்டுடியோ மானிட்டர் வாசல் வெளிச்சம். அழகாகக் காட்டுவது அதன் வேலை இல்லை. உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும்.

ஒரு காலத்தில் இதெல்லாம் பெரிய ஸ்டுடியோக்காரர்களின் கவலை. 1989இல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டுடியோவை அமைத்தபோது, வீட்டில் ஸ்டுடியோ என்பதே பலருக்கு ஆச்சரியம். இன்று கல்லூரி மாணவன்கூட படுக்கையறையில் பாட்டு செய்கிறான். கருவிகள் மலிவாகிவிட்டன. காது ஏமாறுவது மட்டும் அன்று போலத்தான்.

அக்காவின் குரல்

லால்குடி பக்கம் ஓர் ஊர். அங்கே மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கும் பையன் ஒருவன். லீவு நாட்களில் லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசிப்பான். அவனுடைய அக்கா நன்றாகப் பாடுவாள். முறையாகச் சங்கீதம் கற்றவள் இல்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழா, கோயில், கல்யாண வீட்டு நலங்கு என்று பாடிப் பழகிய குரல். கொஞ்சம் கனமான, வெல்லப்பாகு மாதிரி குரல்.

ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு பாட்டு செய்து கொடுப்பது என்று முடிவானது. அவன் மெட்டு போட்டான், அக்கா பாடினாள். வீட்டில் கம்ப்யூட்டருக்காக வாங்கிய ஒரு 2.1 ஸ்பீக்கர் செட் இருந்தது. மேசைக்குக் கீழே ஒரு சப்வூஃபர், மேலே இரண்டு குட்டிப் பெட்டிகள். அதில் கேட்டுக் கேட்டே பத்து நாள் உட்கார்ந்து மிக்ஸ் செய்தான். வீட்டில் கேட்டபோது எல்லாருக்கும் திருப்தி.

திருவிழா அன்று மைக்செட்டில் பாட்டு ஒலித்தது. தாளத்தில் உயிரே இல்லை. அக்காவின் குரல் தகரத்தில் ஆணி கீறுவது போல் கேட்டது. விழாக் குழுவில் இருந்த ஒரு பெரியவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "பாட்டு நல்லாருக்கு தம்பி. பாப்பா குரல்தான் கொஞ்சம் கீச்சுனு இருக்கு."

அதே பாட்டு மறுநாள் மினி பஸ்ஸிலும் ஓடியது. அங்கேயும் அதே கதை. வீட்டுக்கு வந்த அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "டேய், நான் அவ்வளவு கீச்சுனா பாடினேன்?" அதற்குப் பிறகு மைக் முன்னால் நிற்க அவள் வரவே இல்லை. கேட்டால், "வேற யாரையாவது வச்சுப் பண்ணுடா" என்பாள்.

பழி விழுந்தது குரல் மேல். தப்பு செய்தது மேசைக்குக் கீழே இருந்த பெட்டி.

பெட்டி கூட்டினால் கை குறைக்கும்

நடந்தது இதுதான். அவனுடைய 2.1 செட், 100 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் ஒலிகளை அளவுக்கு மேல் பெரிதாக்கிக் காட்டுகிற வகை. அதனால் டிரம்ஸ் ஏற்கெனவே பலமாக இருப்பதாக அவன் காது நம்பியது. கை தானாகவே டிரம்ஸைக் குறைத்தது. பெண் குரலின் அடிப்படைச் சுருதி பேச்சில் சுமார் 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். பெட்டியின் இரைச்சல் அந்த இடத்தையும் தொட்டதால் குரல் மந்தமாகத் தெரிந்தது. "தெளிவு போதவில்லை" என்று குரலின் அடிப்பகுதியைச் சீவினான். அந்தப் பெட்டி நடு ஒலிகளை அமுக்கியும் காட்டியது. "குரல் முன்னால் வரவில்லை" என்று 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றினான்.

விளைவு? அடி இல்லாத, நடுவில் கூரான ஒரு குரல். அவன் வீட்டுப் பெட்டியில் மட்டும் அது சரியாக ஒலிக்கும். ஏனென்றால் பெட்டியின் குறையை ஈடுகட்டுவதற்காகவே அந்த மிக்ஸ் செய்யப்பட்டிருக்கிறது. வேறு எங்கே போனாலும் பல்லிளிக்கும். பெட்டி எந்தப் பக்கம் பொய் சொல்கிறதோ, அதற்கு நேர் எதிர்ப் பக்கம் மிக்ஸ் சாயும். மானிட்டர் ஸ்பீக்கர் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

அழகில்லாத ஒரு பெட்டியின் கதை

ஒலிப்பதிவு உலகில் மிகப் புகழ்பெற்ற மானிட்டர் எது என்று கேட்டால், பலரும் வெள்ளை நிறக் கூம்பு வைத்த யமஹா என்.எஸ்.10 பெயரைச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், 1978இல் அது வீட்டில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கராகத்தான் சந்தைக்கு வந்தது. அந்த வேலையில் அதற்குப் பெரிய பெயர் கிடைக்கவில்லை. பேஸ் போதாது, மேல் ஒலி காதைக் குத்துகிறது என்றார்கள். ஆனால் 1980களில் அமெரிக்க ஒலிப்பொறியாளர் பாப் கிளியர்மவுண்டன் போன்றவர்கள் அதை ஸ்டுடியோவில் வைத்து மிக்ஸ் செய்ய, உலகம் முழுக்கப் பரவியது. மேல் ஒலி அதிகம் என்பதால் டுவீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொண்டு வேலை செய்தவர்களும் உண்டு! பிறகு யமஹாவே 1987இல் ஸ்டுடியோவுக்கென்று திருத்திய வடிவம் ஒன்றை வெளியிட்டது. 2001இல் தயாரிப்பு நின்றது.

காதுக்கு இனிக்காத இந்தப் பெட்டியை ஏன் இவ்வளவு பேர் நம்பினார்கள்? 2001இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்த ஆய்வாளர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். துளை இல்லாத மூடிய பெட்டி அது. அடி ஒலி வந்தவுடன் சட்டென்று நின்றுவிடும். இழுத்துக்கொண்டே போகாது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒன்றன் மேல் ஒன்று குழம்பாமல் தனித்தனியாகக் கேட்கும். கூடவே, நடு ஒலிகளை அது முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். குரலில் உள்ள குறை ஒளிய இடமே கிடைக்காது.

என்.எஸ்.10 தேடி அலையுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "கேட்க நன்றாக இருக்கிறது" என்பதும் "வேலைக்கு ஆகும்" என்பதும் இரண்டு வேறு விஷயங்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் அறையை அளக்கவும்

அந்தப் பையனிடம் இருந்த காசு 25,000 ரூபாய். இரண்டு வருடம் கீபோர்டு வாசித்துச் சேர்த்தது. மைக்குக்காக வாங்கிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்தது. (அது இல்லாதவர்கள் முதலில் அதை வாங்க வேண்டும். மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் மானிட்டரைச் செருகினால் பல நேரம் கணினியின் உள் இரைச்சலும் சேர்ந்து கேட்கும்.) அவனுடைய ஆசை எட்டு அங்குல ஜோடி. பெரிசா இருந்தாதானே மாஸ்?

அவனுடைய அறையோ பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் இரும்பு பீரோ. நம் ஊரில் பாதி வீடுகளில் இந்த அறைதான். ஒலியைப் பொறுத்தவரை இதுபோல மோசமான வடிவம் கிடையாது. கணக்கு எளிது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடி என்றால் 3.05 மீட்டர். 343ஐ அதன் இரட்டிப்பான 6.1ஆல் வகுத்தால் 56. அதாவது 56 ஹெர்ட்ஸ் ஒலி அந்தச் சுவர்களுக்கு நடுவே ஊஞ்சல் ஆடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று பக்கமும் ஒரே ஒலி ஊஞ்சல் ஆடும். பேஸ் கிட்டாரின் 'ஏ' கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரம் சுவரோரத்தில் பூதம் மாதிரி அதிரும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும்.

எட்டு அங்குலப் பெட்டி 40 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கும். அதை இந்த அறையில் வைத்தால் அறையின் பொய்யைத்தான் அது இன்னும் சத்தமாகச் சொல்லும். போதாக்குறைக்கு பீரோ கதவு வேறு கூடச் சேர்ந்து பாடும். பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குலப் பெட்டி தாராளம். இன்னும் சின்ன அறை, மேசைக்கு ஒட்டி உட்கார்ந்து வேலை என்றால் மூன்றரை அங்குலம்கூடப் போதும். ஆனால் அதில் அடி ஒலி கேட்காது என்பதை ஒப்புக்கொண்டு, அதை மட்டும் ஹெட்போனில் சரிபார்க்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்கள்

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய 2.1 செட்களின் அட்டையில் "2000 வாட் பி.எம்.பி.ஓ" என்று போட்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஐந்து அங்குல மானிட்டரில் இருக்கும் ஐம்பது, எண்பது வாட்டே அதிகம்.

அடுத்து ஹெர்ட்ஸ். யமஹா எச்.எஸ்.5 என்ற பிரபலமான ஐந்து அங்குலப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். விவரக் குறிப்பில் 54 ஹெர்ட்ஸ் முதல் 30,000 ஹெர்ட்ஸ் வரை என்று இருக்கும். பக்கத்திலேயே "மைனஸ் 10 டெசிபல்" என்று சின்னதாக ஒரு குறிப்பு. அதாவது 54 ஹெர்ட்ஸ் வரும், ஆனால் காதுக்குப் பாதி சத்தத்தில்தான் வரும். மைனஸ் 3 டெசிபல் அளவுகோலில் அதே பெட்டி 74 ஹெர்ட்ஸ்தான். யமஹா இரண்டையும் அச்சடித்துச் சொல்கிறது, பாராட்டலாம். சில கம்பெனிகள் டெசிபல் குறிப்பே இல்லாமல் ஹெர்ட்ஸை மட்டும் போடுவார்கள். ஒரு பெட்டியின் மைனஸ் 10 எண்ணையும் இன்னொன்றின் மைனஸ் 3 எண்ணையும் ஒப்பிட்டால் ஆப்பிளையும் அன்னாசியையும் ஒப்பிட்ட கதைதான்.

ஜே.பி.எல். 305பி மார்க் 2 இதே அளவில் இன்னும் கீழே இறங்கும். மைனஸ் 10 அளவுகோலில் 43 ஹெர்ட்ஸ். ஆடம் டி5வி பெட்டியில் டுவீட்டர் மடிப்பு மடிப்பான ரிப்பன் வகை. சிறிய பட்ஜெட்டில் பிரிசோனஸ் ஈரிஸ் 3.5 உண்டு, அது 80 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எல்லாமே வேலைக்கு ஆகும் பெட்டிகள்தான். பெயரைவிட அறை முக்கியம், அறையைவிடப் பழக்கம் முக்கியம்.

விலையில் ஒரு பொறி இருக்கிறது, ஜாக்கிரதை. பல மானிட்டர்கள் ஒற்றையாகத்தான் விற்கப்படும். ஆன்லைனில் "அட, இவ்வளவு மலிவா!" என்று பார்த்தால் அது ஒரு பெட்டியின் விலையாக இருக்கும். இரண்டு வேண்டும், நினைவிருக்கட்டும். தோராயமாக ஐந்து அங்குல ஜோடி இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை ஆகும். மூன்றரை அங்குல ஜோடிகள் அதைவிடக் குறைவு. அவற்றில் ஆம்ப்ளிஃபையர் ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்கும், அங்கிருந்து மற்றதற்கு ஒயர் போகும். பெரிய ரகங்களில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனி ஆம்ப்ளிஃபையர், அதுவும் பெரும்பாலும் கூம்புக்கு ஒன்று, டுவீட்டருக்கு ஒன்று என்று இருக்கும்.

கையில் பத்தாயிரத்துக்கும் கீழேதான் இருக்கிறதா? ஹாஸ்டல் அறையா? அப்படியானால் ஸ்பீக்கரே வேண்டாம். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். சோனி எம்.டி.ஆர்.7506 1991இலிருந்து ஸ்டுடியோக்களில் உழைக்கிறது. ஹெட்போனில் அறையின் தொல்லை இல்லை. குறை என்னவென்றால், இடது காதுக்கான ஒலி இடது காதுக்கு மட்டுமே போகும். ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டு பெட்டியையும் கேட்கும். அதனால் ஹெட்போனில் சரியாகத் தெரிந்த இட, வல அமைப்பு வெளியே வேறு மாதிரி இருக்கும். எப்படியும் மோசமான ஸ்பீக்கருக்கு நல்ல ஹெட்போன் மேல்.

கடையில் என்ன கேட்பது?

பையன் சென்னைக்கு வந்து ஓர் இசைக்கருவிக் கடையில் நின்றான். கடைக்காரர் வழக்கம்போல் அதிரும் டெமோ பாட்டு ஒன்றைப் போட்டார். எந்தப் பெட்டியில் போட்டாலும் அது நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே வைத்திருக்கும் பாட்டு! அவன் தன் பென் டிரைவைக் கொடுத்தான். அதில் தலைகீழாகத் தெரிந்த மூன்று பாட்டு. நான்காவதாக, அக்கா பாடிய அதே அம்மன் பாட்டின் குரல் மட்டும். எந்தத் திருத்தமும் செய்யாத பச்சைப் பதிவு.

இதைவிட நல்ல சோதனை கிடையாது. மனிதன் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியது குரலைத்தான். அதிலும் ஒரே வீட்டில் இருபது வருடம் கேட்ட குரல் என்றால், அதில் நூலிழை மாறினாலும் காது கண்டுபிடித்துவிடும். உங்கள் அம்மா பேசுவதையோ நண்பன் பேசுவதையோ பதிவு செய்துகொண்டு போங்கள். எந்தப் பெட்டியில் அவர்கள் எதிரே நிற்பது போல இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெட்டியில் அக்காவுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. இன்னொன்றில் வானொலிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பாடினாள். மூன்றாவதில் அக்காவாகவே இருந்தாள். சாதாரணமாக, பளபளப்பு இல்லாமல், மூச்சு வாங்கும் சத்தத்தோடு. முக்கியமாக, கொஞ்சமும் கீச்சு இல்லாமல்.

ஒப்பிடும்போது இரண்டு பெட்டியும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு டெசிபல் சத்தம் கூடுதலாக இருந்தாலே அதுதான் உசத்தி என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும். செல்போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்று போதும், சமப்படுத்திக்கொள்ளலாம்.

அவன் காது தேர்ந்தெடுத்தது ஓர் ஐந்து அங்குல ஜோடி. புதிதாக வாங்கக் காசு எட்டவில்லை. அதே ரகத்தில் ஒருவர் பயன்படுத்திய ஜோடி 19,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பழையது வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கீழிருந்து மேலே மெதுவாக ஏறும் ஒலி ஒன்றை ஓடவிட்டால் எங்கேயாவது கரகரப்போ நடுக்கமோ இருக்கிறதா? பாட்டு எதுவும் ஓடாதபோது "ஸ்ஸ்" சத்தம் இரண்டு பெட்டியிலும் ஒரே அளவா? பின்பக்கத்துக் குமிழ்களைத் திருப்பினால் கொறகொறவென்று சத்தம் வருகிறதா? அவ்வளவுதான்.

வைக்கும் இடம்

மீதி 6,000 ரூபாயை அவன் செலவு செய்த விதம்தான் புத்திசாலித்தனம். பெட்டியை வாங்கி மேசையில் வைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இரண்டு பெட்டியும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். அவனுக்குப் பக்கம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். டுவீட்டர் காது உயரத்தில். இடது சுவரும் வலது சுவரும் சம தூரத்தில். நட்டநடு அறையில் உட்காரக் கூடாது என்று மேலே பார்த்தோம். அறை நீளத்தில் முன்சுவரிலிருந்து 38 சதவீத தூரம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற இடம். பத்தடி அறையில் அது நாலடிக்குக் கொஞ்சம் குறைவு.

பெட்டிக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் உள்ள தூரமும் கணக்குதான். பின்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பும் அடி ஒலி, நேராக வருவதோடு மோதி ஒரு குறிப்பிட்ட ஒலியைத் தின்றுவிடும். 343ஐ அந்தத் தூரத்தின் நாலு மடங்கால் வகுத்தால் எந்த ஒலி என்று தெரியும். மூன்றடி என்றால் 94 ஹெர்ட்ஸ். டிரம்ஸின் உயிர் இருக்கும் இடம். ஓர் அடி என்றால் 280 ஹெர்ட்ஸ் பக்கம். அங்கே பஞ்சு வைத்துச் சமாளிப்பது எளிது. அதனால் சின்ன அறையில் பெட்டியைச் சுவருக்குக் கிட்டே வைப்பதே மேல். கிட்டே வைத்தால் பேஸ் கூடும். அதைக் குறைக்கத்தான் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. எச்.எஸ்.5இல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கலாம். பலர் அந்த ஸ்விட்சைத் தொடுவதே இல்லை!

முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது அடி ஒலியை ஒன்றும் செய்யாது, தீப்பிடித்தால் ஆபத்து வேறு. அவன் ராக்வூல் பலகை வாங்கினான். இரண்டு அங்குலப் பலகை இரண்டைச் சேர்த்து நாலு அங்குலமாக்கி, ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, பழைய பருத்தித் துணியால் மூடித் தைத்தான். (கையுறையும் முகமூடியும் கட்டாயம். அந்த நார் தோலில் பட்டால் அரிக்கும்.) துணி சரியா என்று பார்க்க வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும். காற்று போகாத துணியில் ஒலியும் போகாது. பக்கச் சுவரில் எங்கே மாட்டுவது? நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அக்காவைச் சுவரோடு ஒரு முகக்கண்ணாடியை நகர்த்தச் சொன்னான். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் ஒலி மோதித் திரும்பும் இடம். அங்கே ஒன்று. மூலைகளில் வீட்டில் சும்மா கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினான். பீரோ கதவு இடுக்கில் மடித்த அட்டை. பாட்டு நின்றது, பீரோ பாட்டைச் சொல்கிறோம்.

ஒயர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டருக்குப் போவது பேலன்ஸ்டு கேபிளாக இருக்க வேண்டும். முனையில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும் டி.ஆர்.எஸ். அல்லது மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். ஒற்றை வளையம் உள்ள கிட்டார் கேபிளைப் போட்டால் ஃபேன் ரெகுலேட்டர் சத்தம் வரை உள்ளே வரலாம். அப்படியும் "உம்ம்" என்று இரைந்தால் வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகினால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிரே போய்விடும். ஆன் செய்யும்போது ஸ்பீக்கர் கடைசி, ஆஃப் செய்யும்போது ஸ்பீக்கர் முதல். இல்லாவிட்டால் "டப்" என்று ஒரு அடி டுவீட்டருக்கு விழும்.

சத்தம் எவ்வளவு?

1933இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் ஒன்றைக் காட்டினார்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு அடி ஒலி மற்றவற்றைவிட அதிகமாக மங்கிப்போகும். அதனால் இரவு மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தால் பேஸைக் கூட்டிவிடுவோம். பகலில் அலறவிட்டுச் செய்தால் குறைத்துவிடுவோம். மிதமான ஒரே அளவை முடிவு செய்து குமிழில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு நல்ல அளவு. வேலைத்தளங்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் சொல்லும் அளவு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 91 டெசிபலில் இரண்டே மணி நேரம். ஸ்பீக்கர் போனால் வாங்கலாம், காதுக்கு உதிரிபாகம் கிடையாது.

பழைய மிக்ஸ் திறந்தது

எல்லாம் மாட்டி முடித்த பிறகு அவன் முதலில் திறந்தது அந்த அம்மன் பாட்டைத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 3000 ஹெர்ட்ஸில் தான் ஏற்றி வைத்திருந்த மேடு அவன் காதிலேயே குத்தியது. அதைத் தட்டையாக்கினான். சீவியிருந்த அடிப்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். டிரம்ஸை உயர்த்தினான். புதிதாக எதையும் சேர்க்கவில்லை, செய்ததை எடுத்துவிட்டான், அவ்வளவே.

மினி பஸ் டிரைவரிடம் கெஞ்சி மறுபடி ஒருமுறை அந்தப் பாட்டைப் போட வைத்தான். பஸ்ஸில் அக்காவும் இருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கடைசி வரை கேட்டாள். இறங்கும்போது, "இரண்டாவது சரணத்துல ஒரு இடம் சுருதி விலகியிருக்குடா. அதை மட்டும் திரும்பப் பாடிடறேன்" என்றாள்.

சுருதி விலகியது உண்மைதான். அதுவும் அந்தப் பெட்டியில் தெளிவாகக் கேட்கத்தான் செய்தது.

கடைசியாக

மானிட்டர் வாங்கியவர்கள் பலரும் முதல் நாளே சொல்வது: "என்னங்க, இவ்வளவு காசு கொடுத்து வாங்கினேன், பழைய செட்டே நல்லா இருந்துச்சு போல!" பயப்பட வேண்டாம். சர்க்கரை போட்ட காப்பியே குடித்துப் பழகிய நாக்கு அது. முதல் பத்து நாள் எதையும் மிக்ஸ் செய்யாதீர்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டுகளை எல்லாம் அதில் கேளுங்கள். இளையராஜாவோ, கர்நாடகக் கச்சேரியோ, கானாவோ, எதுவானாலும் சரி. நல்ல பாட்டில் குரல் எவ்வளவு முன்னால் இருக்கிறது, பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று இந்தப் பெட்டி வழியாகக் காது மனப்பாடம் செய்யட்டும். பிறகு உங்கள் பாட்டைத் தொடுங்கள். முடித்ததும் செல்போனில், காதில் செருகும் இயர்போனில், யாராவது நண்பரின் காரில் கேளுங்கள். எங்கே இடறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து மறுபடி உட்காருங்கள். நாலைந்து பாட்டுக்குப் பிறகு அந்த நோட்டில் எழுத அதிகம் இருக்காது.